பல் கூச்சமும் ஓசோன் மருத்துவமும்



இறைவாக்கினர் எரேமியாவின் நூலிலும் எசேக்கியேலின் நூலிலும் பழமொழி ஒன்று எடுத்துக் கூறப்படுகிறது. புளித்த திராட்சையைத் தின்றவர் தந்தையராக இருக்க, பல் கூசும் துன்பம் மட்டும் மக்களுக்கு வந்து சேர்ந்ததாம். முன்னோரின் பிழைக்குப் பின்னோர் துன்புறுகின்றனர் என்று முறையிட்ட மக்கள் வழங்கிய பழமொழி அது. இனி அவ்வாறு சொல்லற்க என இறைவாக்கினர் இருவரும் அதனை மறுத்துரைத்தனர். அதன் ஆழ்ந்த பொருளை விளக்குவது இப்பகுதியின் பணியன்று. ஆனால் ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களும் பல் கூச்சத்தை நன்கு அறிந்திருந்தனர் என்பது அதனால் விளங்கும். தெரியாத ஒன்றை எவரும் பழமொழியில் வைத்துப் பேசமாட்டார்.

இம்மாதம் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஜவ்வாது மலையிலிருந்து வந்த மடல் ஒன்றே காரணம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் அம்மலையைப் பலரும் அறிவர். சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் தரும் மலை அது. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள குளிர் சமவெளியில் இருப்போர்க்குப் புதிது. விடியற்காலையில் குடத்து நீரை வாயில் ஊற்றியதும் பல்லின் அடியில் மின்னல் வெட்டியதுபோல் வலிக்கிறது என்று அச்சகோதரி எழுதியுள்ளார். ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிகிறதாம். மலையிலிருந்து இறங்கி நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டியபோது, ஓசோன் என்னும் வாயுவைப் பல்லின்மேல் செலுத்தும் புதுமுறை மருத்துவம் உண்டு, பலமுறை வர வேண்டும் என்று சொன்னார்களாம். அண்டை வீட்டாரோ, பல்லைப் பிடுங்கிவிட்டால் தொல்லை தீரும் என்கின்றனராம். காதணியை அடகு வைத்து ஓசோன் மருத்துவம் செய்துகொள்ளலாமா, அல்லது பல்லைப் பிடுங்கிவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் வேண்டா என்பதே நமது விடை. அவ்விடைக்குரிய காரணங்களை அறிந்துகொள்வது, மலையில் வாழ்வோர்க்கேயன்றி நம் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்படும்.

பல் கூசுவது ஏன்?

நம் பல்லின் வெளியே தெரியும் பகுதியைப் பற்சிப்பி என்னும் எனாமல் மூடியிருக்கிறது. மனித உடலிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் மிகக் கடினமானது அதுவே. அதற்குள் உணர்ச்சி நரம்பு இல்லை. ஈற்றுக்குள் புதைந்திருக்கும் வேருக்கோ இந்தக் கவசம் கிடையாது. சிமெண்டம் எனப்படும் மெல்லிய பூச்சு ஒன்றே அதனை மூடியுள்ளது. பல்லின் கழுத்துப் பகுதியில் அப்பூச்சு தலைமயிரின் பருமனைவிடவும் மெல்லியது. ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டுவிட்டால், அந்தப் பூச்சு வெகு விரைவில் தேய்ந்து மறைகிறது. பிறகு வெளியே வருவது டென்டைன் என்னும் உள்திசு.

டென்டைன் கண்ணுக்குக் கெட்டியாகத் தோன்றினும், உண்மையில் அது நுண்குழல்களின் தொகுப்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் பல்லாயிரம் குழல்கள் உள்ளன. தேனடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இதனை எளிதில் மனத்தில் காணலாம். அடையின் கண்ணறைகளைப் போல நெருங்கி நிற்கும் இக்குழல்கள் பல்லின் நடுவிலுள்ள பற்கூழ் வரை செல்கின்றன. நரம்பும் இரத்த நாளமும் இருப்பது அப்பற்கூழிலேதான். குழல்களின் உள்ளே ஒருவகை நீர் நிறைந்திருக்கிறது.

குளிர்ந்த நீரோ, குளிர் காற்றோ, புளிப்போ, இனிப்போ வெளிவாயில் பட்டவுடன் குழலினுள் இருக்கும் நீர் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவு உள்முனையிலுள்ள நரம்பைத் தூண்ட, நாம் 'ஆ' வென்று கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறோம். இக்கருத்தை 1900ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் கைசி என்பவர் வெளியிட்டார். 1960களில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் பல சோதனைகளால் அதனை நிலைநாட்டினார். பல் மருத்துவ உலகம் இன்று பெரிதும் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் இதுவே.

அப்படியாயின், வேர் வெளிப்பட்ட பற்கள் எல்லாம் கூசுவதில்லையே, ஏன்? பிரிட்டனில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு விடை தந்தது. கூசும் பற்களையும் கூசாத பற்களையும் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தபோது, கூசும் பற்களில் திறந்திருந்த குழல்வாய்கள் ஏறக்குறைய எட்டு மடங்கு மிகுதியாக இருந்தன. ஒவ்வொரு வாயின் அகலமும் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. குழலின் அகலம் இரு மடங்கானால் அதனூடே பாயும் நீர் பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. சிறிய திறப்பு ஏன் பெரிய வலி தருகிறது என்பது இதனால் தெளிவாகும். ஆகவே பல் கூச்சத்துக்குரிய மருத்துவம் எதுவாயினும் அது செய்ய வேண்டிய வேலை இரண்டில் ஒன்று: குழலின் வாயை அடைக்க வேண்டும், அல்லது உள்ளிருக்கும் நரம்பை அமைதிப்படுத்த வேண்டும். வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஓசோனையும் இந்த அளவுகோல் கொண்டே அளக்கப் போகிறோம்.

வேர் வெளிப்படுவது எதனால்?

முதற் காரணம் நம் கையே. பல் வெண்மையாக வேண்டும் என்ற ஆவலில் அடுப்புக்கரி, செங்கற்பொடி, சாம்பல், உமிக்கரி, மணல் கலந்த உப்பு ஆகியவற்றைக் கொண்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் நம்மிடையே இன்னும் உள்ளனர். கடையில் விற்கும் பற்பொடிகளிலும் சில சொரசொரப்பானவை. எனாமல் ஓரளவு இத்தேய்ப்பைத் தாங்கும். வேரின் டென்டைன் தாங்காது. பல்லின் கழுத்தில் வெட்டுக்குழி போலத் தேய்ந்துவிடும். பிரஷ் வைத்திருப்போரும் தப்புவதில்லை. கெட்டியான தூரிகையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதனால் ஈறு காயமுற்று இறங்குகிறது. வலக்கையால் தேய்ப்போர்க்குப் பெரும்பாலும் இடப்பக்கத்துப் பற்களில் இத்தேய்வு மிகுந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தே அறியலாம்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற முதுமொழியை நாம் பழிக்கவில்லை. நுனியை நன்கு மென்று பஞ்சுபோல் ஆக்கி, ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கி மெல்ல ஒற்றித் துலக்குவோர்க்கு அக்குச்சி நன்மையே செய்யும். மெல்லாத குச்சியை ஈற்றின்மேல் உரசுவோர்க்கு அதுவே பகையாகும்.

இரண்டாம் காரணம் பல்லில் படியும் காரை. எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, கழுவப்படாத பல்லழுக்கின்மேல் இறுகிக் கல்லாகிறது. அதனால் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, நாளடைவில் பல்லை விட்டு விலகிக் கீழிறங்கும். புகையிலை போடும் பழக்கமும் புகைபிடிக்கும் பழக்கமும் இந்நோயை விரைவுபடுத்துகின்றன. கன்னத்தில் புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடத்திலேயே ஈறு இறங்கிக் காண்பது மருத்துவர்கள் அன்றாடம் காணும் காட்சி. அதே இடத்தில் புற்றுநோயும் தோன்றக்கூடும் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது.

மூன்றாம் காரணம் புளிப்பு. எலுமிச்சை, நெல்லி, மாங்காய், புளி ஆகியவை நம் உணவுக்குச் சுவையூட்டுபவை, உடலுக்கும் நல்லவை. அவற்றை உண்பதில் தவறில்லை. நாள் முழுவதும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பதிலும், உண்டவுடன் பல் துலக்குவதிலுமே கேடு இருக்கிறது. அமிலம் பட்ட பல்லின் மேற்பரப்பு சிறிது நேரம் மென்மையாக இருக்கும். அந்நேரம் பிரஷ் பட்டால் அந்த மேற்பரப்பு உரிந்து போகும். புளிப்பு உண்டபின் வெறும் நீரால் வாயைக் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துத் துலக்குவது நன்று. குழந்தைகளுக்கு நாம் வாங்கித் தரும் வாயுப் பானங்களும் இதே அமிலத்தை உடையவை. இனிப்பு வேறு அவற்றில் மிகுதி.

ஓசோன் என்பது யாது?

ஓசோன் என்றதும் வானத்திலுள்ள படலமே நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வு நிலையம் அமைந்திருப்பதை அம்மலை மக்கள் அறிவர். அங்குள்ள தொலைநோக்கிகள் விண்மீன்களைப் பார்ப்பதும் இந்த ஓசோன் படலத்தின் ஊடாகவே. கதிரவனின் புறஊதாக் கதிர்களில் தீங்கானவற்றை அப்படலம் தடுத்து நிறுத்துகிறது. அதனைக் காப்பதற்கென்றே உலக நாடுகள் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. இதனால் ஓசோன் என்ற பெயரைக் கேட்டாலே தூய்மை, நன்மை என்ற எண்ணம் மக்கள் மனத்தில் எழுகிறது. விளம்பரம் எழுதுவோர்க்கு அவ்வெண்ணம் பெரிதும் உதவுகிறது.

நாம் மூச்சு வாங்கும் உயிர்க்காற்று, அதாவது ஆக்சிஜன், இரண்டு அணுக்கள் சேர்ந்தது. மூன்று அணுக்கள் சேர்ந்தால் அஃது ஓசோன். 1840ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் என்பவர், மின்சாரச் சோதனைகளின்போது எழுந்த ஒருவகை மணத்தைக் கொண்டு இவ்வாயுவை இனங்கண்டு, 'மணத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். இடி மின்னலுக்குப் பின் சில வேளை காற்றில் வீசும் காரமான நெடி இதனுடையதே. மூன்றாவது அணு நிலையாக ஒட்டி நிற்பதில்லை. அருகிலுள்ள எதையேனும் தாக்கி, அதனோடு சேர முயலும். ஆதலால் ஓசோன் கிருமிகளை விரைந்து கொல்லும். பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் 1906ஆம் ஆண்டு முதலே குடிநீரைத் தூய்மைப்படுத்த இதனைப் பயன்படுத்தினர். இன்று புட்டிகளில் அடைத்து விற்கும் குடிநீரிலும் பலவகை ஓசோனால் தூய்மை செய்யப்பட்டவை.

கிருமியைத் தாக்குவது நம் நுரையீரலையும் தாக்கும். பணியிடங்களின் காற்றில் ஓசோன் ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று அமெரிக்காவில் வரம்பு விதித்துள்ளனர். வானில் காவலாக நிற்பது மண்ணில் மூச்சுக்குப் பகையாகிறது.

பல் மருத்துவத்தில் இது நுழைந்த வரலாறும் சுவையானது. 1930களில் சுவிட்சர்லாந்துப் பல் மருத்துவர் ஃபிஷ் என்பவர் ஓசோன் கலந்த நீரைக் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்தினார். அவரிடம் மருத்துவம் பெற்ற எர்வின் பாயர் என்னும் அறுவை மருத்துவர் அதனை அறுவை மருத்துவ உலகிலும் பரப்ப முயன்றார். பின்னர் 2000ஆம் ஆண்டையொட்டிப் புதிய கருவிகள் வந்தன. பல்லின்மேல் இரப்பர் போன்ற சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, காற்றுப் புகாவண்ணம் அழுத்தி, சில வினாடிகள் ஓசோனைச் செலுத்தி, மீதியை உறிஞ்சி எடுத்துவிடுவர். ஊசி இல்லை, துளையிடுதல் இல்லை, வலி இல்லை. பல் மருத்துவர் நாற்காலியைக் கண்டு அஞ்சுவோர்க்கு இது பெருங்கவர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. முதலில் சொத்தைப் பல்லுக்கென வந்த கருவி, பிறகு வேர்க்கூச்சத்துக்கும் உரியதெனக் கூறப்பட்டது.

ஆய்வுகள் கூறுவது

நாம் முன்னர் வைத்த அளவுகோலை இங்கே எடுப்போம். ஓசோன் குழலின் வாயை அடைக்குமா? அது வாயு. நிலையாக நில்லாமல் சிதைந்து ஆக்சிஜனாகிவிடும். குழலை அடைக்கும் பொருள் எதையும் அது விட்டுச் செல்வதில்லை. கிருமிகளையும் படிந்த அழுக்கையும் நீக்கி, பின்னர்ப் பூசும் மருந்து நன்கு உள்ளே செல்ல வழி செய்யும் என்பதே அதனை ஆதரிப்போரின் வாதம். வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. சோதனையில் அது நின்றதா என்பதே கேள்வி.

கனடா நாட்டின் டொராண்டோ ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். பல் கூச்சம் உடையோரில் ஒரு சாராருக்கு ஓசோனும் மறு சாராருக்கு ஓசோன் இல்லாத வெறுங்காற்றும் அதே கருவியால் செலுத்தப்பட்டன. எவருக்கு எது என்பது நோயுற்றவருக்கும் தெரியாது. வலியை அளந்தவருக்கும் தெரியாது. முடிவில் ஓசோன் பெற்றவர்களுக்கு வலி நன்கு குறைந்தது. வெறுங்காற்றுப் பெற்றவர்களுக்கும் வலி நன்கு குறைந்தது! இருவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அன்பர்களே, இம்முடிவைச் சற்று நின்று எண்ண வேண்டும். வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வலி மெய்யாகவே குறைந்தது. அதற்குக் காரணங்கள் பல. நம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் திறந்த குழல்களைத் தாமே மெல்ல அடைக்கின்றன. நாம் மருத்துவரிடம் விரைவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் அது பெரும்பாலும் தானே தணியும். மருத்துவம் பெறுகிறோம் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். மருத்துவரைப் பார்த்தபின் நாம் பல்லைக் கவனமாகத் துலக்குவதும் உண்டு. இத்தனையும் சேர்ந்து தந்த நலத்தைக் கருவி தந்ததாக நாம் எண்ணிவிடுகிறோம். "எனக்குக் குணமாயிற்று" என்று அண்டை வீட்டார் சொல்வது மெய்யாக இருக்கலாம். அந்த மருந்தால்தான் குணமாயிற்று என்பதற்கு அச்சொல் மட்டும் சான்றாகாது.

ஓசோனை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பயன் கண்டதாகக் கூறும் சிறு ஆய்வுகளும் உண்டு; பயன் இல்லை என்பனவும் உண்டு. உறுதியாகக் கைக்கொள்ளத்தக்க முடிவுக்கு அவை நம்மை இட்டுச் செல்லவில்லை. பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் தேசிய நிறுவனம், பற்சொத்தைக்கும் வேர்ச்சொத்தைக்கும் இக்கருவியை ஆய்வுக்களத்துக்கு வெளியே பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று 2005ஆம் ஆண்டில் அறிவித்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதித்தொகுப்பு ஒருபடி மேலே சென்று, ஓசோன் ஒரு நச்சு வாயு என்றும், அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்றும் கூறுகிறது. கருவியைச் செவ்வனே கையாளும் மருத்துவரிடம் நோயாளிக்குத் தீங்கு நேரும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. வெறுங்காற்றைவிட மேலானது என்று நிலைநாட்டப்படாத ஒன்றுக்காக ஏழைக் குடும்பம் அடகுக்கடைப் படியேற வேண்டுமா என்பதே நம் கவலை. மலைப்பாதையில் பேருந்துக்குக் காத்திருந்து, இறங்கி ஏற ஒரு நாள் முழுவதும் போக்கி, அந்நாளின் கூலியையும் இழந்து, அவ்வாறு பலமுறை செல்வதும் அக்கணக்கில் சேர்ந்ததே.

கைக்கெட்டும் மருத்துவம்

நல்ல செய்தி யாதெனில், மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம் விலை குறைந்ததாகவும் அருகிலும் இருக்கிறது.

கூச்சத்துக்கெனக் கடைகளில் விற்கும் பற்பசைகளில் பலவற்றில் பொட்டாசியம் நைட்ரேட் என்னும் பொருள் உள்ளது. இது வேறொன்றுமன்று, நம் நாட்டார் அறிந்த வெடியுப்பே. இதனைப் பல் கூச்சத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதை அமெரிக்கப் பல் மருத்துவர் மில்டன் ஹோடோஷ் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூற்றுக்கு 5 பங்கு அளவில் பசையில் கலந்திருக்கும் அது, குழல் வழியே சென்று நரம்பை அமைதிப்படுத்தும் எனக் கருதப்படுகிறது. கடையில் வெடியுப்பை வாங்கி வாயிலிடத் துணிய வேண்டா. அது தீங்கு செய்யும். வேறு சில பசைகள் ஸ்டான்னஸ் ஃபுளோரைடு, அர்ஜினின் போன்றவற்றால் குழல்வாயை அடைக்கின்றன. எதை வாங்கினும் ஃபுளோரைடும் சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான இப்பசைகளைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது.

பயன்படுத்தும் முறையும் முக்கியமானது:

1. மென்மையான தூரிகை ஒன்றை வாங்குக. எழுதுகோலைப் பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும்.

2. காலையிலும், இரவு படுக்குமுன்னும், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துலக்குக. ஈற்றிலிருந்து பல்லின் நுனி நோக்கியே தூரிகை செல்ல வேண்டும்.

3. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் நிறைய நீர் ஊற்றிப் பலமுறை கொப்பளிப்பதைத் தவிர்க்க. மருந்து பல்லில் தங்க வேண்டும்.

4. இரவில் துலக்கியபின், கூசும் இடத்தில் பட்டாணியளவுக்கும் குறைவான பசையை விரல் நுனியால் தடவி விடலாம்.

5. இரண்டு முதல் நான்கு வாரம் வரை பொறுத்திருக்க. மூன்றாம் நாளே பயனில்லை என்று விட்டுவிடுவோர் பலர். குணம் கண்டபின் அடியோடு நிறுத்தினால் கூச்சம் திரும்பக்கூடும்.

6. கரி, செங்கல், சாம்பல், புகையிலை ஆகியவற்றை வாயிலிருந்து அறவே விலக்குக. காரணம் நீங்காமல் மருந்து மட்டும் இட்டால், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதையாகும்.

இவ்வளவும் செய்து கூச்சம் அடங்கவில்லையாயின், பல் மருத்துவர் கையில் வேறு வழிகள் உள்ளன. ஃபுளோரைடு வார்னிஷ் என்னும் பூச்சைச் சில நிமிடங்களில் பல்லின்மேல் தடவுவார். தேய்ந்த குழியைப் பல்நிறச் சிமெண்டால் அடைப்பார். ஈற்றைச் சுற்றியுள்ள காரையைக் கருவியால் அகற்றுவார். காரை எடுத்தால் பல் ஆட்டம் காணும் என்று நம்மவரிடையே ஓர் அச்சம் உண்டு. உண்மையில், நோயால் முன்பே தளர்ந்த பல்லைக் காரை இறுகப் பிடித்து மறைத்திருந்தது. அது நீங்கியபின் சில நாள் கூச்சம் சற்று மிகுவதும் இயல்பே. ஈறு ஆறியதும் அது தணியும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், திருப்பத்தூர் அரசு மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. சந்தைக்கோ வேறு அலுவலுக்கோ இறங்கும் நாளோடு இதனையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

எல்லாப் பல்வலியும் கூச்சமன்று. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென வலித்து, நீர் அகன்றதும் வலியும் அகன்றால் அது கூச்சம். நீர் அகன்ற பின்னும் வலி நெடுநேரம் நின்றாலும், எதுவும் படாமலே வலித்தாலும், இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலும் பற்கூழ் பழுதுற்றிருக்கக்கூடும். கடிக்கும்போது மட்டும் ஒரு பல்லில் குத்துமாயின் அப்பல் கீறியிருக்கலாம். கன்னம் வீங்குதல், காய்ச்சல், ஈற்றில் சீழ், பல் ஆடுதல், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் தழும்பு, வாயை முழுதும் திறக்க இயலாமை ஆகியவற்றில் எதனைக் கண்டாலும் கூச்சப் பசையை நம்பிக் காலங்கடத்தலாகாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற யோசனையைப் பற்றியும் ஒரு சொல். கூச்சத்துக்காக உறுதியான பல்லை எடுப்பது, ஓலை பறந்ததற்காக வீட்டையே இடிப்பதற்கு ஒப்பாகும். ஒரு பல் போனால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாய்கின்றன. எதிர்ப்பல் நீண்டு இறங்குகிறது. மெல்லும் வலிமை குறைகிறது. முதுமையில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் குழைத்தே உண்ண வேண்டிய நிலை வருவது பல்லிழந்தோர்க்கே.

மடல் எழுதிய சகோதரி காதணியைக் காதிலேயே வைத்திருக்கட்டும். முதலில் ஒரு மென்மையான தூரிகையும் ஒரு பசையும் வாங்கி ஒரு மாதம் முயலட்டும். வாய்ப்புக் கிடைத்தபோது காரையை அகற்றிக்கொள்ளட்டும். மருத்துவர் எவரேனும் புதுமுறை ஒன்றைக் கூறினால், மரியாதையோடு மூன்று கேள்விகளைக் கேட்க அவருக்கும் நம் அனைவர்க்கும் உரிமை உண்டு: இம்முறை எனக்கு எவ்வாறு உதவும்? இதைவிட எளிய வழி உண்டா? இப்போது செய்யாவிடில் என்ன நேரும்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளைக் கேட்டுச் சினம் கொள்ளமாட்டார், மகிழ்ந்து விடையிறுப்பார்.

தந்தையர் தின்ற புளிப்பு மக்களின் பல்லைக் கூசச் செய்வதில்லை. ஆனால் தந்தை கரியால் துலக்கினால் மகனும் கரியையே எடுப்பான். தாய் புகையிலை அடக்கினால் மகள் அதைத் தவறென்று எண்ணமாட்டாள். இம்மாதத்திலிருந்து இரவு உணவுக்குப் பின், குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே நின்று பல் துலக்கும் வழக்கத்தை நம் இல்லங்களில் தொடங்குவோமாக. அதற்குச் செலவாகும் நேரம் இரண்டே நிமிடம்.